விடுமுறையில் பொதுச் சுகாதாரப் பயிற்சி: வன்னியில் இருந்து வழி உண்டா?

மாங்குளத்துப் பிள்ளை:
வவுனியா பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறேன், இரண்டாம் வருடம். பட்டம் முடித்ததும் பொதுச் சுகாதாரப் பக்கம் போகத்தான் ஆசை. அமெரிக்காவில் இருக்கிற மச்சாள் அங்கே சிறுபான்மை மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் உதவித்தொகையோடு பயிற்சி கொடுக்கிறார்கள், தானும் விண்ணப்பிக்கப் போகிறேன் என்றாள். நாங்களும் இங்கே சிறுபான்மைதானே, நானும் விண்ணப்பிக்கலாமா? முடியாதென்றால், கொழும்பில் அறை எடுத்துத் தங்க வசதியில்லாத, மருத்துவ பீடத்தில் படிக்காத ஒருவரை இங்கே யாராவது சேர்ப்பார்களா?

அத்லாந்தா அண்ணா:
தங்கச்சி, மச்சாள் சொன்னது உண்மை. அத்லாந்தாவில் மோர்ஹவுஸ் கல்லூரி நடத்தும் 'இம்ஹோடெப்' திட்டம் 1982இல் தொடங்கியது, நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. முதலில் தொற்றுநோயியலும் புள்ளிவிபரமும் படிப்பித்து, பிறகு ஒரு சுகாதாரத் திணைக்களத்திலோ சமூக அமைப்பிலோ வழிகாட்டி ஒருவரின் கீழ் வேலை செய்ய விடுவார்கள். ஆனால் இவற்றுக்குப் பணம் பெரும்பாலும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனமான சிடிசியில் இருந்து வந்தது, அதனால் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ கேட்பார்கள். உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது, அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 2025இல் சிடிசியில் பெரிய ஆட்குறைப்பு நடந்தது, ஆகவே மச்சாளும் இந்த வருடம் நடக்கிறதா என்று கேட்டுவிட்டே விண்ணப்பிக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உள்ளகப் பயிற்சிக்கு எந்த நாட்டவரும் போகலாம், உதவித்தொகையும் உண்டு, ஆனால் மூன்று வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். அது உங்களுக்குப் பிறகு உதவும்.

மன்னார் பிஎச்ஐ:
பிள்ளை, நான் மன்னாரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ). சுற்றாடல் விஞ்ஞானம் படித்துக்கொண்டு மருத்துவ பீடம் இல்லையே என்று யோசிக்காதேங்கோ. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் சான்றிதழ் கிடைத்தது, அதே வருடக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, மலேரியாவைப் பரப்பும் புது நுளம்பு பிடிபட்டது. வழமையான மலேரியா நுளம்பைப் போல ஆற்றங்கரையைத் தேடாது, நகரத்துக் கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். வெளிநாட்டில் இருந்து மலேரியாக் காய்ச்சலோடு வருகிற ஒருவரை அது கடித்தால் நோய் திரும்பிவிடலாம் என்பதால், கிணறு கிணறாக நுளம்புக் குடம்பி தேடுகிற வேலை ஓயாது. அதற்கு உங்களைப் போல உயிரியல் தெரிந்தவர்கள் வேண்டும். இதைவிட, வவுனியாப் பக்கம் காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் இருக்கிறது, கிணற்று நீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் அதில் தொடர்ந்து ஆராயப்படுகிற விசயங்கள். இவை நீங்கள் படிக்கிற பாடம்தான்!

துறைத் தலைவரின் கடிதத்தோடு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு விண்ணப்பியுங்கோ, மாங்குளம் முல்லைத்தீவு மாவட்டம் என்பதால் வீட்டில் இருந்தே போகிற இடமாகக் கேட்கலாம். சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். என்ன செய்ய விருப்பம், எத்தனை கிழமை என்று தெளிவாக எழுதுங்கோ. 'ஏதாவது பழக வேண்டும்' என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்புக்குள்ளேயே கிடக்கும்.

வவுனியா அக்கா:
பிஎச்ஐ ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் இடம் கிடைத்தால் டெங்குச் சோதனையோடு நின்றுவிடாமல், குடும்பநல உத்தியோகத்தரோடும் (மருத்துவிச்சி) ஊர் கிளினிக்குக்குப் போங்கோ, பிள்ளைகளின் நிறை பார்ப்பது, யாருக்குத் திரிபோஷாச் சத்துமா கொடுப்பது எல்லாம் அங்கேதான் விளங்கும். எந்த வீட்டுத் தாய் ஏன் கிளினிக்குக்கு வரவில்லை, பஸ் இல்லையா, கூலி வேலையை விட முடியவில்லையா என்பது பதிவேட்டில் இருக்காது. நம் ஊர்ப் பிள்ளைகள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் கேட்பது இதற்காகத்தான்.

மாங்குளத்துப் பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி. பார்த்ததை வைத்து இறுதி வருட ஆய்வு செய்யலாமா? கடிதம் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

மன்னார் பிஎச்ஐ:
தமிழில் எழுதலாம். ஆய்வு என்றால் ஆட்களிடம் தகவல் எடுப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பிறகு கேட்டுக் கிடைக்காது. கிணற்று நீரை மட்டும் சோதிப்பதென்றாலும் மேற்பார்வையாளரிடம் முதலில் கேளுங்கோ.