இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு என்ன கட்டிக்கொடுக்கலாம்?

வணக்கம். திருவொற்றியூரில் இருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் கன்ட்ரோல் ரூம் வேலை. வயது 43. இந்த வருட செக்கப்பில் ரத்த அழுத்தம் 150/96, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. நம் ஊர் ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினாலே சர்க்கரை, இதய நோய் ஆபத்து கூடுமாம். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ.யும் நமக்கு 25 வந்தாலே உடல் பருமன்தான். மாத்திரை தொடங்கியாச்சு. ஆனால் "ஈ.சி.ஜி. நார்மல்தானே" என்று அவர் நிம்மதியாக இருப்பதுதான் எனக்குப் பயம். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் இல்லையா?

ஷிஃப்ட் முழுக்கத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தே இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொக்கும்போது கிடைப்பது சர்க்கரை தூக்கலான டீயும் பஜ்ஜியும், இல்லையென்றால் சால்னா ஊற்றிய பரோட்டா. அந்த நேரத்தில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை பகலைவிட அதிகம் ஏறும். காலையில் வந்து படுத்தாலும் தெருவில் தண்ணி லாரி ஹாரன் தூங்க விடாது. தூக்கம் கெட்டால் பசியும் கூடிவிடுகிறது.

ஷிஃப்ட் பார்க்கும் அண்ணன்மார், அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லுங்கள்: இரவு எட்டு மணிக்குக் கட்டினால் இரண்டு மணி வரை கெடாத, வயிறு கனக்காத சாப்பாடு எது? சுண்டல் கொடுத்தால் வாயு என்கிறார். அப்புறம், ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ற மாதிரி உணவு அட்டவணை போட்டுத்தரும் டயட்டீஷியன் யாராவது தெரியுமா? எடை குறைக்கும் பவுடர் மட்டும் தயவுசெய்து வேண்டாம். ஓடும் பட்டையில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. பார்க்கும் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்தவர்கள் இருந்தால், எந்த டாக்டரிடம் கேட்டு எடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.