தென்னைக்கு நடுவே உளுந்து: கொடி ஓடுகிறது, காய் பிடிக்கவில்லை. நிழல்தான் காரணமா?

தோப்புக்காரன்:
வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம், 12 வயதுத் தென்னை, 25 அடி இடைவெளி. நடுவில் உளுந்து விதைத்தேன். செடி நெடுநெடுவென்று வளர்ந்து, நுனி கொடி மாதிரி சுற்றுகிறது. பூவும் வந்தது. ஆனால் கணுவில் இருக்கும் மொட்டு மஞ்சளாகி, விரல் பட்டாலே உதிர்கிறது. வண்டிப்பாதை ஓரம் வெயில் படும் வரிசைகளில் மட்டும் செடி குட்டையாக, காய் கொத்துக் கொத்தாக இருக்கிறது. ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே அடியுரம். நிழல்தான் காரணம் என்றால் பூவே வந்திருக்கக் கூடாதே?

களத்துமேடு:
அண்ணே, டிஏபி உரத்தை 2% கரைசலாகப் பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை தெளியுங்கள். என்ஏஏ என்ற வளர்ச்சி ஊக்கியை 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) அளவில் அடித்தாலும் பூ உதிர்வது குறையும்.

விதைப்பண்ணை:
தெளிப்பதற்கு முன் பூவை உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். இலைப்பேன் ஓடினால் உதிர்வுக்குப் பூச்சி காரணமாக இருக்கலாம், அது வேறு கதை. இல்லையென்றால் நிழல்தான், பாதையோர வரிசையே அதற்குச் சாட்சி.

பூ வருவது வேறு, வந்த பூ நிற்பது வேறு. இலை, 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடும். 730 நானோமீட்டர் பக்கம் உள்ள, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைசிவப்பு ஒளியைப் பெரும்பாலும் கீழே விட்டுவிடும். திறந்தவெளியில் இந்த இரண்டின் விகிதம் ஏறக்குறைய 1.2. அடர்ந்த இலை நிழலில் 0.2-க்கும் கீழே போகும். செடி இதை பைட்டோகுரோம் பி என்ற புரதத்தால் உணர்கிறது. விகிதம் குறைந்தால் அந்தப் புரதம் செயலிழக்கும். அதுவரை அது அடக்கி வைத்திருந்த பிஐஎஃப் என்ற வேறு புரதங்கள் தலைதூக்கி, செடியை நீளவைக்கும் ஆக்சின் என்ற ஹார்மோனின் உற்பத்தி மரபணுக்களை முடுக்கிவிடும். உங்கள் உளுந்து நீள்வது இதனால்தான்.

பல செடிகளில் இதே சமிக்ஞை பூப்பதைத் தள்ளிப்போடாது, அவசரப்படுத்தும். ஆய்வுக்கூடச் செடியான அராபிடாப்சிஸில், நிழல் பட்டால் இலையில் எஃப்டி மரபணு கூடுதலாக வேலை செய்யும். அது தரும் புரதம் நுனிக்குப் போய்ப் பூக்கச் சொல்லும். சோளத்தில் இன்னும் தெளிவு. அதன் எம்ஏ3 மரபணுதான் பைட்டோகுரோம் பி-யைத் தருகிறது என்று 1997-இல் காட்டினார்கள். அது கெட்டுப்போன சோளம், வெயிலில் நின்றாலும் நிழலில் நிற்பது போல ஒல்லியாக நீண்டு சீக்கிரமே பூத்துவிடும்.

ஆனால் பூத்ததைக் காயாக்கச் சர்க்கரை வேண்டும். வெளிச்சம் குறைவு, அதில் கிடைப்பதையும் தண்டு இழுத்துக்கொள்கிறது. அதனால் மொட்டு உதிர்கிறது.

மாடித்தோட்டம்:
நிழல்வலைக்குள்ளும் இப்படித்தான் ஆகுமா?

விதைப்பண்ணை:
கருப்பு வலை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், விகிதம் மாறாது. வெளிச்சக் குறைவின் பாதிப்பு மட்டும் இருக்கும்.

தோப்புக்காரன்:
தட்டிப் பார்த்தேன், பேன் இல்லைங்க. மட்டையைக் கழித்துவிட்டால் சரியாகுமா?

விதைப்பண்ணை:
பச்சை மட்டையில் கை வைக்காதீர்கள், தேங்காய் குறைந்துவிடும். தெளிப்பும் ஓரளவுக்குத்தான், அது வெயிலுக்கு ஈடாகாது. தென்னைக்கு ஏழெட்டு வயது வரையிலும், 20, 25 தாண்டி மரம் உயர்ந்த பிறகும்தான் பயறு சரிப்படும். நடுவில் உள்ள இந்த வயதில்தான் நிழல் மிக அடர்த்தி. சேனை, மஞ்சள், கோகோ யோசியுங்கள்.

தோப்புக்காரன்:
சரிங்க. பாதையோர வரிசைகளை மட்டும் அறுவடைக்கு விட்டுவிட்டு, மீதியைப் பசுந்தாளாக மடக்கி உழுதுவிடுகிறேன். சித்திரையில் சேனை நடலாம் என்று இருக்கிறேன். விதைக்கிழங்கு நல்லதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.