செப்பாங்கில் ஓட்ட ஜிஆர்86 மேனுவலா, கோல்ஃப் ஜிடிஐயா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் நம் காரையே ஓட்ட விடும் டிராக் டேக்கு என்றே ஒரு பழைய கார் வாங்கப் போகிறேன், இரண்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒன்று டொயோட்டா ஜிஆர்86, பின்சக்கர இயக்கம், 6 கியர் மேனுவல். இன்னொன்று எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, முன்சக்கர இயக்கம், 7 கியர் டிஎஸ்ஜி (கிளட்ச் மிதி இல்லாத இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்).

என் கவலை முக்கியமாக 14ஆவது வளைவுதான். அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டே பிரேக் பிடிக்க வேண்டும், எடை முழுக்க முன்னால் போய்ப் பின்பக்கம் லேசாகிவிடும், அந்த நேரத்தில் மேனுவலில் கியரைக் குறைக்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) சரியாக ஏற்றாமல் கிளட்சை விட்டால் பின்சக்கரம் பிடியை விட்டுவிடும். டிஎஸ்ஜியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் துடுப்பைத் தட்டினால் போதும், கை ஸ்டியரிங்கை விட்டு நகராது. ஆனால் 15ஆவது கொண்டை ஊசி வளைவிலிருந்து முழு வேகம் கொடுக்கும்போது கோல்ஃபில் அதே முன் டயர்தான் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். வண்டி வெளிப்பக்கமாக அகன்று போகாதா?

இங்கே ஓட்டியவர்களிடம் கேட்கிறேன்: நம் வெயிலில் தொடர்ந்து சில சுற்று போனால் டிஎஸ்ஜி எண்ணெய்ச் சூடு எப்படி? முன் டயர் எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? அப்புறம் மதியம் திடீரென்று மழை கொட்டினால் ஜிஆர்86ஐப் புதிதாகப் பழகுபவர் சமாளிக்க முடியுமா?

ஜிஆர் யாரிஸ் எடு, நான்கு சக்கரமும் இழுக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல வண்டிதான், என் பட்ஜெட்டுக்கு எட்டாது. சுற்று நேரத்தைவிட ஓட்டக் கற்றுக்கொள்வதுதான் எனக்கு முக்கியம், அதை மனதில் வைத்துச் சொல்லுங்கள்.