அலைவிதையா, மிதவை விதையா? கழஞ்சிக்காயை முன்வைத்து

நண்பர்களே,

கடல் நீரோட்டத்தில் மிதந்து போய் வேறொரு கரையில் ஒதுங்கும் விதையை ஆங்கிலத்தில் 'டிரிஃப்ட் சீட்' என்கிறார்கள். அதற்குத் தமிழ் கேட்டு நான் போட்ட கேள்விக்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: கடல்விதை, மிதவை விதை, ஒதுங்குவிதை. மூன்றையும் ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு குமரி மாவட்டத்தில் கொல்லங்கோடு, நீரோடி பக்கம் கடற்கரையில் நடந்தேன். எனக்கு நிறைவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பொருள் எது என்று பார்த்துவிடுவோம். கேள்வி எழுந்ததே கழற்சிக்காயால்தான். எங்கள் பக்கம் கழஞ்சிக்காய் என்போம், எல்லை தாண்டிக் கேரளத்துப் பொழியூர் போனால் மலையாளத்திலும் கழஞ்சிதான். வடக்கே ஆந்திர எல்லையில் அது கச்சக்காய, சித்த மருத்துவ நூல்களில் கெச்சக்காய் என்றும் பார்க்கலாம். தென்னந்தோப்பு வேலியில் ஏறிக் கிடக்கும் முட்கொடி. கொடி என்கிறோமே தவிர அதற்குச் சுற்றவும் தெரியாது, பற்றுக்கம்பியும் கிடையாது. தண்டிலும் இலைக்காம்பின் அடியிலும் பின்னோக்கி வளைந்த முள், அதைக் கொக்கிபோல் மாட்டித்தான் மேலே போகிறது. போன ஞாயிறு ஒரு காய் பறிக்கக் கையை விட்டேன், சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் இன்னும் இறுகும், கையை உள்ளே தள்ளித்தான் விடுவிக்க வேண்டும். ஆடுமாடு நுழையாமல் இருக்க இதைவிட மலிவான வேலி கிடையாது, ஆனால் வேலி போட்டவனே பிறகு கிட்டப் போக முடியாது என்பது வேறு விஷயம்.

காயும் முழுக்க முள். முற்றினால் கொடியிலேயே வாய் பிளந்து நிற்கும், உள்ளே ஒன்றோ இரண்டோ சாம்பல் நிறக் கொட்டைகள், கோலிக்குண்டு அளவு, சுற்றிலும் முடி இழைபோல் மெல்லிய கோடுகள். சங்கப் பாடல்களில் பெண்கள் ஆடும் கழங்கு இதுதான், முருகன் பூசாரியான வேலன் வெறியாட்டில் போட்டுக் குறி பார்த்ததும் கழங்கே. பல்லாங்குழிக்கும் இது ஆகும். பள்ளியில் இதைத் தரையில் தேய்த்து முன்பெஞ்சுக்காரன் கழுத்தில் சூடு வைக்காதவர் இங்கே யாரும் இருக்கிறீர்களா? சோழர் கல்வெட்டுகளில் பொன்னை நிறுக்கும் கழஞ்சும் இந்தக் கொட்டையின் பெயரில் வந்ததுதான் என்பார்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்ற கணக்கைப் பார்த்தாலே தெரியும், விதைகளை வைத்தே ஒரு தராசு ஓடியிருக்கிறது.

மருந்துப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகப் போகிறேன். ஓட்டை உடைத்தால் உள்ளே கடும் கசப்பான பருப்பு. மிளகோடு சேர்த்துப் பொடித்து விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கும் விரைவீக்கத்துக்கும் கொடுப்பார்கள். இப்போது நாட்டுமருந்துக் கடைகளில் சினைப்பை நீர்க்கட்டிக்கு என்றுதான் அதிகம் விற்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கொட்டையின் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. பருப்பு காய்ந்து சுருங்கியதும் ஓட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று நிற்கிறது, அதனால் மிதக்கும். நான் ஒரு வாளி கடல்நீரில் பத்துக் கொட்டை போட்டேன், ஏழு மிதந்தன, மூன்று முழுகின. முளைக்கவைக்க வேண்டுமென்றால் ஓட்டைக் கல்லில் உரசிப் பிறகு ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். இப்படிப்பட்ட கொட்டைகள் கரீபியன் பக்கத்திலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்காட்லாந்தின் தீவுகள் வரை போய்ச் சேர்கின்றன. ஓர்க்னி தீவுகளில் ஒதுங்கிய விநோதக் கொட்டைகளைப் பற்றி ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவர் 1690களிலேயே எழுதினார். ஜமைக்காவில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுக்காரர்கள் அதைக் குழந்தைகள் கழுத்தில் கட்டினார்களாம், கண்ணேறு படாமல் இருக்க. வேலியில் கிடக்கிற காய்க்கு வந்த வாழ்வு!

இப்போது சொற்கள். 'கடல்விதை' ஆகாது, இது கரையில் வளரும் செடியின் விதை, கடலில் விளைந்தது என்று பொருள் தந்துவிடும். 'மிதவை விதை' சொன்ன ஐயா கோபிக்க வேண்டாம், மிதவை என்றால் எங்கள் ஊரில் வலையில் கட்டுகிற மிதவைதான் நினைவுக்கு வரும், அதோடு குளத்தில் மிதக்கிற எந்த விதைக்கும் அது பொருந்திவிடும். 'ஒதுங்குவிதை' எனக்குப் பிடித்தது. கரை ஒதுங்கியது என்று அன்றாடம் சொல்கிறோம். ஆனால் அது பயணத்தின் முடிவை மட்டும் சொல்கிறது, நடுக்கடலில் இன்னும் போய்க்கொண்டிருக்கிற விதையை ஒதுங்குவிதை என்று எப்படிச் சொல்வது?

என் முன்மொழிவு 'அலைவிதை'. அலைந்த, அலைகின்ற, அலையும் விதை என்று வினைத்தொகையாக விரியும். அலை கொண்டுவந்த விதை என்று பெயராகவும் கொள்ளலாம். வகரத்தில் தொடங்குவதால் எப்படி எடுத்தாலும் ஒற்று மிகாது, எழுத்து மாறாது. அலைபேசியை ஒருவர் மின்காந்த அலை என்று புரிந்துகொள்கிறார், இன்னொருவர் கூடவே அலைகிற பேசி என்று புரிந்துகொள்கிறார், சொல்லுக்கு ஒரு கேடும் வரவில்லை.

இயற்பியலில் அலைவு வேறு பொருளில் இருக்கிறதே, குழம்பாதா என்று ஓர் அக்கா தனியாகக் கேட்டிருந்தார். பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் அலைவுகள் என்று ஒரு பாடமே இருப்பது உண்மைதான். ஆனால் ஊசலும் கழஞ்சிக்காயும் ஒரே பக்கத்தில் வரும் நாள் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கரையில் நின்று கரமடி வலை இழுக்கிற இடத்தில் ஒரு மாமியிடம் இந்தச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். "அலையில வாற வித்துதானே மக்கா, இதுக்கு என்ன விளக்கம்?" என்றார். உடனே அடுத்த கேள்வி: "அப்போ தேங்காய், ஒதளங்காய் எல்லாம் வந்து அடையுதே, அதுக்கு என்ன பேரு?" நியாயமான கேள்வி. அவை விதையாக வருவதில்லை, காயாகவே வருகின்றன. அவற்றுக்கு 'அலைகாய்' என்று வைக்கலாம், ஊறுகாய் மாதிரி ஒற்று மிகாமல். அலைக்காய் என்று மிகுந்தால் அலையும் என்ற பொருள் போய்விடும், ஆகவே பிழைதிருத்துபவர்கள் அந்த க்-ஐச் சேர்த்துவிட வேண்டாம். அடும்பும் கழஞ்சியும் அலைவிதை, தேங்காயும் ஒதளங்காயும் அலைகாய். புன்னையை எதில் சேர்ப்பது என்று நீங்கள் சொல்லுங்கள், காயாக வருவதையும் பார்த்திருக்கிறேன், தோல் உரிந்து வெறும் கொட்டையாக வருவதையும் பார்த்திருக்கிறேன்.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், கையேட்டில் ஏற்றிவிடுவேன். தண்டு முள்ளாவது, இலை முள்ளாவது, தோலிலிருந்து கிளம்பும் முள் என மூன்றுக்கும் தமிழில் ஒரே முள்தான் இருக்கிறது, கழஞ்சியில் இருப்பது மூன்றாவது வகை. அதற்கும் சொல் வேண்டும். அதைத் தனி மடலில் எழுதுகிறேன், கழஞ்சி முள் குத்திய விரல் முதலில் ஆறட்டும்.