பாங்காக்கில் ஐந்து இரவு, உடன் முழங்கால் வலியுள்ள அம்மா: எந்தப் பகுதியில் அறை எடுப்பது?

காவிரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் மனைவியும் அம்மாவும் ஐந்து இரவுகள் பாங்காக்கில் தங்கவிருக்கிறோம். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. சமதரையில் அரை கிலோமீட்டர் மெதுவாக நடந்துவிடுவார். படிக்கட்டில் பத்துப் படிக்கு மேல் ஏற முடியாது. மூவரும் சைவம். சுகும்வித், சீலோம், சீனர் பகுதியான யாவ்வராட் ஆகிய மூன்றில் ஒன்றில் அறை எடுக்கலாம் என்று நினைத்திருக்கிறோம். 2017-இல் போய்வந்த நண்பர் ஒருவர், யாவ்வராட்டில் ரயிலே இல்லை, டாக்சியில் ஏறினால் நெரிசலில் பாதி நாள் போய்விடும் என்கிறார். ஆனால் முன்பதிவுத் தளத்தில் அங்குள்ள ஓட்டல்களுக்கு எதிரில் ‘ரயில் நிலையம் 300 மீட்டர்’ என்று போட்டிருக்கிறது. யார் சொல்வதை நம்புவது?

பழைய பாங்காக்வாசி:
இருவர் சொல்வதும் உண்மைதான், நண்பரே. இடையில் ஊர் மாறிவிட்டது. எம்ஆர்டி எனும் சுரங்க ரயிலின் நீலத்தடம் யாவ்வராட்டுக்கு நீண்டு வாட் மங்கோன் நிலையம் திறக்கப்பட்டது 2019-இல்தான். அதே தடத்தில் இரண்டு நிலையம் தள்ளி இருக்கும் சனாம் சாய், வாட் போ கோயிலுக்கும் அரண்மனைக்கும் போக வசதியானது. ஆகவே அந்தப் பகுதியைப் பற்றி 2019-க்கு முன் எழுதப்பட்ட விமரிசனங்களில் அறையைப் பற்றிச் சொன்னதை வேண்டுமானால் படியுங்கள், போக்குவரத்தைப் பற்றிச் சொன்னதைத் தள்ளிவிடுங்கள். வெளியூர் ரயில்கள்கூட 2023 ஜனவரி முதல் பெரும்பாலும் யாவ்வராட்டுக்கு அருகிலுள்ள பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து நகரின் வடக்கே உள்ள பாங் சூவுக்கு மாறிவிட்டன. ‘பெரிய ரயில் நிலையத்துக்கு அருகில்’ என்று பழைய பக்கங்களில் இருப்பதற்கு இப்போது அவ்வளவு மதிப்பில்லை.

உங்கள் அம்மாவை நினைத்தால், எந்த நிலையம் என்பதைவிட அதில் எந்த வாயில் என்பதுதான் முக்கியம். பிடிஎஸ் வான்ரயில் 1999-இல் ஓடத் தொடங்கியபோது இருந்த 23 நிலையங்களில் ஐந்தில் மட்டுமே லிஃப்ட் இருந்தது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் வழக்காடியதன் பிறகு, எல்லாவற்றிலும் அமைக்க வேண்டும் என்று உச்ச நிர்வாக நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அப்படிப் பின்னால் சேர்க்கப்பட்டதால் லிஃப்ட் சில இடங்களில் சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். உங்கள் ஓட்டல் மறுபக்கத்தில் அமைந்துவிட்டால், அகலமான சாலையைக் கடக்க மேம்பாலப் படிகளில்தான் ஏறி இறங்க வேண்டும். எம்ஆர்டி சுரங்க நிலையங்களில் தொடக்கத்திலிருந்தே லிஃப்ட் உண்டு. ஆனால் வெள்ளம் புகாமலிருக்க அவற்றின் வாயில்களைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்திக் கட்டியிருப்பார்கள்; முதலில் சில படிகள் ஏறி, பிறகுதான் இறங்க வேண்டும். அதனால் லிஃப்ட் உள்ள வாயிலின் எண்ணை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சந்துமுனை:
சுகும்வித்தைப் பற்றி நான் சொல்கிறேன். பெயரில் ‘சுகும்வித்’ இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தச் சாலை கம்போடிய எல்லைப் பக்கமுள்ள திராட் மாகாணம் வரை போகிறது. நகருக்குள்ளேயே அதிலிருந்து பிரியும் சோய்கள், அதாவது சந்துகள், நூறு எண்ணைத் தாண்டுகின்றன. ஒற்றைப்படை எண்கள் வடக்கே, இரட்டைப்படை எண்கள் தெற்கே. இரு பக்கமும் ஒரே வேகத்தில் எண் ஏறுவதில்லை என்பதால், அடுத்தடுத்த எண்களுள்ள இரண்டு சோய்கள் எதிரெதிரே இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். நான் முதன்முறை போனபோது, தளத்தில் 400 மீட்டர் என்று போட்டிருந்த ஓட்டல், நடைபாதையே இல்லாத ஒரு சோயின் உள்ளே ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. 400 மீட்டர் என்பது காகம் பறக்கும் கணக்கு போலும். அங்குள்ளவர்கள் இந்தத் தூரத்துக்கு ஆரஞ்சு மேலங்கி அணிந்த மோட்டார் சைக்கிள் டாக்சியில் ஏறிவிடுவார்கள். உங்கள் அம்மாவை அதில் ஏற்ற முடியாது. சோயின் உட்புறமுள்ள சில ஓட்டல்கள் நிலையம் வரை இலவச டுக்-டுக் விடுகின்றன. அது எத்தனை மணி வரை ஓடும் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். நானா நிலையத்தை ஒட்டிய சோய் 4 இரவுக் கேளிக்கைக்குப் பேர்போனது. குடும்பத்துடன் அங்கே வேண்டாம்.

சீலோம் அன்பர்:
மேலே இருவரும் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். சைவர்களுக்கு என் தேர்வு சீலோம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் சீலோம் சாலையும் பான் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கிறது. தென்னிந்தியச் சாப்பாடும் அந்தப் பக்கம் கிடைக்கும். மற்ற இடங்களில் காய்கறிப் பதார்த்தம் என்று கேட்டு வாங்கினாலும் அதில் மீன் சாறு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் போவது அக்டோபரில் என்பதால் இரண்டைக் கவனியுங்கள். விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலத்துக்காகச் சீலோம் சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். காணக் கிடைக்காத காட்சிதான், ஆனால் அன்று பெட்டிகளுடன் வந்திறங்கினால் ஓட்டல் வாசலை அடைவதே பெரும்பாடு. இன்னொன்று, செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ யாவ்வராட்டில் சைவ விழா ஒன்பது நாள் நடக்கும். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் ‘ஜே’ என்று கேட்டால் வெங்காயம், பூண்டுகூட இல்லாத உணவு தருவார்கள். உங்கள் தேதிகள் அதனுடன் பொருந்திவந்தால் நானே யாவ்வராட்டைச் சொல்வேன்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. ஓட்டல் விலையில் பாதிக்கு, நீச்சல் குளத்துடன் கூடிய ஓர் அடுக்ககக் குடியிருப்பையும் பார்த்தேன். சமையலறையும் உண்டு. எடுக்கலாமா?

பழைய பாங்காக்வாசி:
வேண்டாம். தாய்லாந்தின் ஓட்டல் சட்டப்படி, உரிமம் இல்லாத இடத்தை 30 நாட்களுக்குக் குறைவாக நாள் வாடகைக்கு விடக் கூடாது. பல குடியிருப்புகளில் இதைச் சொல்லி அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். காவலாளி வாசலில் நிறுத்தினால், உரிமையாளர் தொலைபேசியை எடுக்கும் வரை அம்மாவுடன் நீங்கள்தான் வெளியே நிற்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு வாட் மங்கோன் நிலையத்தின் லிஃப்ட் வாயிலிலிருந்து 300 மீட்டருக்குள் உள்ள ஓட்டல் ஒன்றைத் தேடுங்கள். சீலோமுக்கும் அதே நீலத்தடத்தில் போய்விடலாம். நிலையத்திலிருந்து கோயில் வரை மட்டும் டாக்சி பிடித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வாசலில் எத்தனை படி, அடுத்த மனையில் கட்டுமானம் நடக்கிறதா, சாலையைப் பார்க்காத அறை கிடைக்குமா என்று கேளுங்கள். கடந்த ஆறு மாதத்து விமரிசனங்களை மட்டும் தேதி வாரியாகப் படியுங்கள்.

காவிரிக்கரை:
அப்படியே மூன்று ஓட்டல்களுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும், வாசலில் நான்கு படி உண்டு, பக்கவாட்டில் சாய்தளமும் உண்டு என்று படத்துடன் பதில் வந்தது. அங்கேயே அறை போட்டுவிட்டேன்.