ஜெர்மனிக்குப் புதிதாக வந்திருக்கும் நெல்லைப் பக்கத்து மக்களுக்கு: ஓவனைப் பழகிக்கொள்ளுங்கள்

பாளையங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி, நாங்குநேரி என்று நம் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது வீடு, விசா, சம்பளக் கணக்கு. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்று பேர். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருகிற ஒரு காகிதம் இல்லாமல் அது நடக்காது, அதனால் சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். வரி எண் பிறகு தபாலில் வரும், தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால்தான் வரும். உயிர் போகிற அவசரத்துக்கு 112, டாக்டர் இல்லாத நேரத்துக் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் 116117. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பாலும் முட்டையும் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். சில வாடகை வீடுகள் சமையலறைச் சாமான் எதுவுமே இல்லாமல் வெறும் சுவராக வரும், பார்க்கப் போகும்போதே கேளுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே ஒரு நண்பர் வீட்டில் கஷ்டம் என்றால் யார் போய் நிற்பது? ஊரில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தாலும் துட்டி விழுந்தாலும் தெருவே வந்துவிடும், சித்தி அடுப்பைப் பார்த்துக்கொள்வாள், மைனி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாள், அண்ணாச்சி ஒருத்தர் பந்தலுக்கு ஆள் பிடிக்கக் கிளம்பியிருப்பார். இங்கே அந்தத் தெரு நாம்தான். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் நம் ஆட்கள் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், வளர்ப்பு அப்படி. அதனால் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அதற்கு எனக்குத் தெரிந்து ஓவனைப் போல வசதி வேறு இல்லை. சாம்பார் என்றால் ரயிலில் கொட்டாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அன்றைக்கே தீர வேண்டும், பாத்திரம் திரும்பி வர வேண்டும். கேக்கும் பன்னும் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டால் போதும், இரண்டு மூன்று நாள் தாங்கும், அவர்கள் யாரையும் பார்க்கிற மனநிலையில் இல்லையென்றால் கதவடியில் வைத்துவிட்டும் வரலாம்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே கேக் போடுகிற நாசரேத், பாளையங்கோட்டைக் குடும்பங்களைத் தவிர நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கேக் என்றால் பேக்கரிதான். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். கடையில் கோதுமை மாவுப் பொட்டலத்தில் 405, 550, 1050 என்று எண் போட்டிருக்கும். மாவை எரித்தால் 100 கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சுகிறது என்ற கணக்கு அது, எண் கூடக் கூடத் தவிடு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 405 நம் மைதாவுக்குப் பக்கத்தில் வரும், கேக்குக்கு அது. பன்னுக்கு 550. 1050 கறுத்த ரொட்டிக்கு, அதில் கேக் போட்டால் கனத்துவிடும். பேக்கிங் பவுடர் சின்னப் பொட்டலமாக வரும், ஒன்று 500 கிராம் மாவுக்கு. ஆப்பச் சோடா நாட்ரோன் என்ற பேரில் தனியாகக் கிடைக்கும், இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஓவனில் மேலும் கீழும் கம்பி சூடாகிற முறை ஒன்று, உள்ளே மின்விசிறி சுற்றுகிற ஊம்லுஃப்ட் ஒன்று. செய்முறையில் 180 டிகிரி என்று மட்டும் இருந்தால் அநேகமாக முதல் முறைக்குத்தான் எழுதியிருப்பார்கள், விசிறி போட்டால் 160 வையுங்கள். நிறைய பேருக்குக் கேக் மேலே வெடித்துக் கருகி உள்ளே மாவாக நிற்பது இந்த 20 டிகிரியால்தான்.

முதலில் கருப்பட்டிக் கேக் போட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து வரும்போது உடன்குடிக் கருப்பட்டி தாராளமாகக் கொண்டு வாருங்கள். (நெய்யும் பால்கோவாவும் கூடாது, இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருள் எதையும் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் வேண்டும், அம்மா எவ்வளவு ஆசையாகக் கட்டிக் கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.) 200 கிராம் கருப்பட்டியை 100 மில்லி தண்ணீரில் காய்ச்சி வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும். நன்றாக ஆற வேண்டும், சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். 125 கிராம் வெண்ணெயைக் குழைத்து, 3 முட்டையை ஒவ்வொன்றாக அடித்து, கருப்பட்டிப் பாகை விட்டு, 250 கிராம் 405 மாவு, அரைப் பொட்டலம் பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, கொஞ்சம் ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. நீளத் தட்டில் ஊற்றி 175 டிகிரியில், விசிறி இல்லாமல், 45 நிமிடம். 40 நிமிடத்திலேயே ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள், ஓவனுக்கு ஓவன் மாறும். செய்த அன்றைவிட மறுநாள் ருசி அதிகம், அதனால் முந்தின ராத்திரியே போட்டு வைத்துக்கொள்ளலாம்.

தூத்துக்குடி மக்ரூனை இங்கே செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும், குளிர்காலத்தில் அருமையாக வரும், ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று அவ்வளவு காய்ந்திருக்கும். வெள்ளைக்கருவில் மஞ்சள் ஒரு சொட்டு விழக்கூடாது, பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. 2 வெள்ளைக்கருவுக்கு 120 கிராம் சர்க்கரை, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம்வரை அடிக்க வேண்டும். முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுவிடும். 120 கிராம் முந்திரிப்பொடியை மெதுவாகக் கலந்து, 100 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் காயவிட்டு, ஓவனை அணைத்து உள்ளேயே ஆறவிடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் வாரக்கணக்கில் இருக்கும். ஊர் நினைப்பில் முகம் வாடிக் கிடக்கிற ஆளுக்கு இதைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கொடுக்கும் முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள், முட்டை, முந்திரி, பால் எல்லாம். முந்திரி ஒவ்வாமை பிள்ளைகளுக்கு ஆபத்தாக முடியும். மேலப்பாளையம், கடையநல்லூர் முஸ்லிம் நண்பர்களுக்குக் கொண்டு போகிற கேக்கில் ரம் கூடவே கூடாது, பழத்தை ஆரஞ்சுச் சாறில் ஊறவைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

துட்டி வீட்டுக்கு மட்டும் இனிப்பு வேண்டாம். கேக் எவ்வளவு நல்ல மனதோடு கொண்டு போனாலும் பெரியவர்களுக்கு உறுத்தும். அங்கே பன்தான். 550 மாவு 500 கிராம், உலர்ந்த ஈஸ்ட் ஒரு பொட்டலம், வெதுவெதுப்பான பால் 300 மில்லி, வெண்ணெய் 60 கிராம், உப்பு 10 கிராம், பத்து நிமிடம் பிசைய வேண்டும். குளிரில் மாவு உப்பவில்லையென்றால் ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள். இருமடங்கானதும் உருட்டி, இன்னும் அரைமணி விட்டு, 180 டிகிரியில் 20 நிமிடம். அப்பா போய்விட்டார் என்று சேதி வந்த வீட்டில் யாரும் அடுப்பு மூட்ட மாட்டார்கள், பிள்ளைகளுக்கு மட்டும் பசிக்கும். பன்னைக் கொடுத்துவிட்டு டிக்கெட் பார்க்க உட்காருங்கள். ஆள் கிளம்பும் அவசரத்தில் பாஸ்போர்ட்டை எடுப்பார், குடியிருப்பு அட்டையை மறந்துவிடுவார், இரண்டும் கையில் இருக்கிறதா என்று நீங்கள் கண்ணால் பாருங்கள். அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகக் காகிதத்தோடு இருப்பவர் என்றால் அதை வைத்துத் திரும்பி வர முடியுமா என்று கிளம்பும் முன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டாக வேண்டும், எல்லாக் காகிதத்துக்கும் அந்த அனுமதி கிடையாது. இங்கேயே ஒருவர் இறந்து, உடலை ஊருக்கு அனுப்பக் குடும்பத்துக்கு வசதி இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் 2009-இல் ஏற்படுத்திய இந்தியச் சமூக நல நிதியைக் கேளுங்கள். பணம் திரட்டத் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

வேலை போன நண்பர் பத்து நாள் யாரிடமும் சொல்லாமல் அறையில் கிடப்பார். அந்தப் பத்து நாள்தான் ஆபத்து. கேக்கை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். வேலை நீக்கம் கையெழுத்திட்ட காகிதத்தில்தான் செல்லும், மின்னஞ்சலில் செல்லாது. வழக்குப் போட வேண்டுமென்றால் கடிதம் கைக்கு வந்த 3 வாரத்துக்குள். வேலை முடியும் தேதிக்கு 3 மாதம் முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும், அவ்வளவு அவகாசம் இல்லையென்றால் சேதி தெரிந்த 3 நாளுக்குள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு 2 வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கடைசி 30 மாதத்தில் 12 மாதம் காப்பீடு கட்டியிருந்தால் வேலையில்லாக்கால உதவித்தொகை உண்டு, அது அவர் கட்டிய பணம், வாங்கக் கூச்சப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கருப்பட்டியும் சுக்கும் போகாத நாள் நம் பக்கத்தில் கிடையாது, அதனால் அந்தக் கேக் அங்கே தாராளமாகப் போகலாம், கூடவே பூண்டுக் குழம்பும். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை என்று தவிக்கிற தங்கச்சிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இங்கே ஹெபாமே என்கிற மருத்துவச்சி வீட்டுக்கே வருவார், முதல் 10 நாள் தினமும்கூட, பிறகு 12 வாரம்வரை தேவைக்கேற்ப, அரசு மருத்துவக் காப்பீடே செலவை ஏற்கும். தாய்க்கு முடியவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, வீட்டில் வேலை பார்க்க வேறு ஆளும் இல்லையென்றால் அதே காப்பீட்டிடம் வீட்டு உதவி ஆளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஹெபாமே கிடைப்பது லேசில்லை, கர்ப்பம் உறுதியானதுமே தேடத் தொடங்கச் சொல்லுங்கள். ஜெர்மன் பேசத் தயங்குகிற பெண்ணாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே நாலு பேருக்குப் போன் போட்டுக் கொடுங்கள்.