புதுப்பிப்பு: சிம்மக்கல் அச்சகக் கணினியின் கருப்புத் திரை சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: சிம்மக்கல்லில் சித்தப்பாவின் அச்சகத்தில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) கணினி. திருநகர் வீட்டிலிருந்து விண்டோஸ் 10-இன் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து இன்னொரு கணினியை இயக்கும் வசதி) வழியாக நுழைந்தால் கடவுச்சொல்லை ஏற்கும். அடுத்த நொடி கருப்புத் திரை, அப்புறம் இணைப்பு அறுந்துவிடும்.

நெட்வொர்க்கில் பிழையே இல்லை. அச்சகத்தில் பகலெல்லாம் அதே பயனர் பெயரில் ஒருவர் உட்கார்ந்து வேலை செய்கிறார். அந்தக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பை ஏற்கும் மென்பொருளான எக்ஸ்ஆர்டிபி (xrdp) அந்தத் திரையைக் காட்டாமல் புதிதாக ஓர் அமர்வைத் திறக்கப் பார்க்கிறது. ஒரே பயனருக்கு இரண்டாவது க்னோம் (உபுண்டுவின் திரைச்சூழல்) அமர்வு எழுவதில்லை. அங்கே லாக் அவுட் செய்யச் சொன்னதும் உடனே திறந்தது.

ஆனால் எனக்கு அது போதாது. "எழுத்து உடைஞ்சு வருதுப்பா, கொஞ்சம் பாரு" என்று சித்தப்பா கூப்பிட்டால், அவர் பார்க்கும் அதே திரை எனக்கும் தெரிய வேண்டும். அதனால் எக்ஸ்ஆர்டிபியை நீக்கிவிட்டு, உபுண்டு அமைப்புகளில் 'பகிர்தல்' பகுதியில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கினேன். இரண்டுமே இயல்பாக 3389 என்ற ஒரே போர்ட்டை (இணைப்பு வந்து சேரும் வாசல் எண்) கேட்பவை. அப்படியே விட்டால் மோதும், அதனால் ஒன்றை நிறுத்தினேன்.

மறுநாள் காலை அச்சகக் கணினியைப் போட்ட பிறகு இணைத்தால், ரிமோட் டெஸ்க்டாப் கடவுச்சொல் தவறு என்றது. காரணம் தானியங்கி லாகின்: அதில், ரிமோட் டெஸ்க்டாப்பின் கடவுச்சொல்லை வைத்திருக்கும் பெட்டகம் பூட்டியபடியே இருக்கும். தானியங்கி லாகினை நிறுத்திவிட்டு, கடவுச்சொல் கொடுத்தே நுழையச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாகத் தொந்தரவு இல்லை.

3389-ஐ ரவுட்டரில் நேராகத் திறந்துவிடச் சொன்னவருக்கு: மன்னிக்கவும், அதைச் செய்யப் போவதில்லை. கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்ப்பவர்கள் முதலில் தட்டும் கதவு அது. வயர்கார்ட் (இரு இடங்களைப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்) வழியாகவே போகிறேன்.